பென்னிக் கட்டைப் பிரித்தால் பிழை நாணயம் கிடைக்குமா?

கேள்வி: "அமெரிக்காவுக்கு வந்து ஓராண்டு ஆகிறது. வீட்டில் ஜாடி நிறையப் பென்னி, அதாவது ஒரு சென்ட் காசு, சேர்ந்துவிட்டது. அச்சுப்பிழை உள்ள பென்னி லட்சக்கணக்கான டாலருக்குப் போனதாகக் காணொளிகளில் காட்டுகிறார்கள். வங்கியில் கட்டுக் கட்டாக வாங்கித் தேடினால் உண்மையில் கிடைக்குமா? எதைப் பார்க்க வேண்டும்? கிடைத்ததை ஊருக்கு எடுத்துப் போகலாமா?"

கிடைக்கும். ஆனால் காணொளியில் பார்த்த காசு கிடைக்காது; நீங்கள் கேள்விப்பட்டே இராத ஏதோ ஒன்று கிடைக்கும். பதினோரு வருடமாக ஞாயிறு மதியங்களில் சாப்பாட்டு மேஜையின் மீது பழைய வேட்டியை விரித்து இந்தக் காசுகளைக் கொட்டிப் பார்த்துவருகிறேன். இதுவரை வந்த வரவை, செலவான மணி நேரத்தால் வகுத்தால், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர் வாங்கும் கூலியில் கால்வாசி கூடத் தேறாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கணக்கைப் பாருங்கள். ஒரு கட்டில் 50 பென்னி. ஒரு பெட்டியில் 50 கட்டு. ஆக 2,500 காசு, விலை 25 டாலர். தேடி முடித்ததும் மீதியை வங்கியிலேயே திருப்பிக் கட்டிவிடலாம் என்பதால் முதலுக்கு மோசமில்லை, போவது நேரம்தான். இரண்டு பக்கமும் பார்த்தால் 5,000 முகங்கள். ஒரு முகத்துக்கு மூன்று வினாடி என்றாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். விரல் நுனி கறுத்து, கையில் செம்பு வாடை ஏறி, சோப்புப் போட்டாலும் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் போகாது. இவ்வளவுக்கும் பிறகு பெட்டியில் ஒன்றுமே இல்லாமல் போகும் நாள்தான் அதிகம்.

இருந்தும் ஏன் தேடுகிறோம் என்றால், ஒரு காசு எப்படிச் செய்யப்படுகிறது என்பது புரிந்த பிறகு அதைச் சும்மா பையில் போட்டுக்கொள்ள மனம் வருவதில்லை. காசில் ஒரு கோளாறு தெரிந்தால் கேட்க வேண்டியது ஒன்றே: இது நாணயச் சாலைக்குள் நடந்ததா, வெளியே வந்த பிறகு நடந்ததா? உள்ளே நடந்தது என்றால் அதற்குச் சேகரிப்பாளர் விலை தருவார். வெளியே நடந்தது என்றால் அது அடிபட்ட காசு, அவ்வளவுதான். பிழைகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இந்த வித்தியாசத்தைப் பழகுவதுதான் பாதி வித்தை.

வெளியே நடப்பதற்குச் சில உதாரணங்கள். துணி உலர்த்தும் இயந்திரத்தின் இடுக்கில் மாட்டி மாதக்கணக்கில் சுழன்ற காசு, விளிம்பு தடித்து மேலே மடிந்து, எழுத்துகள் விளிம்போடு ஒட்டிக்கொண்டு, ஏதோ தனி வார்ப்பில் செய்தது போலவே இருக்கும். கட்டுச் சுற்றும் இயந்திரம் கட்டின் ஓரத்தில் இருந்த காசின் மேல் வட்டமாக ஒரு கீறல் போட்டிருக்கும். வாகனம் நிறுத்துமிடத்தில் கிடந்து தேய்ந்த காசுக்கு முகமே இருக்காது. அமிலத்தில் ஊறி மெலிந்துபோனதும், பள்ளி வேதியியல் வகுப்பில் துத்தநாகம் பூசி வெள்ளி நிறமாக்கப்பட்டதும் உண்டு. ஆரம்பத்தில் இவை எல்லாவற்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டுத் தேதி எழுதி வைத்தேன். இன்றும் அந்த உறைகள் இருக்கின்றன, அத்தனையும் சேர்த்து மதிப்பு ஒரு சென்ட் பெருக்கல் எண்ணிக்கை.

இனி உள்ளே நடப்பது. நீளமான உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன. பூரி மாவைப் பெரிதாகத் தேய்த்து டப்பா மூடியால் வட்டம் வட்டமாக வெட்டுவார்களே, அதே வேலை. மூடியை ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் கொஞ்சம் ஏறும்படி வைத்துவிட்டால் அந்தப் பூரியில் பிறை வடிவில் ஒரு துண்டு குறையும். பென்னியிலும் அப்படியே. இப்படிக் கடிபட்ட காசு கிடைத்தால் உடனே குதிக்கக் கூடாது; இடுக்கியால் யாரும் வெட்டிவிட முடியும். கடி இருக்கும் இடத்துக்கு நேர் எதிர்ப்புற விளிம்பைப் பாருங்கள். வில்லையின் ஓரத்தை உருட்டி உயர்த்தும்போது, கடிபட்ட இடத்தில் பிடிமானம் இல்லாததால் எதிர்ப்புறத்திலும் அழுத்தம் சரியாக விழாது. ஆகவே உண்மையான கடியென்றால் பெரும்பாலும் எதிர் விளிம்பு மங்கிக் கரைந்தாற்போல் இருக்கும். வீட்டில் வெட்டியதில் அந்த விளிம்பு முழுசாக நிற்கும். இந்த ஒரு சோதனையைக் கற்றுக்கொண்ட நாளில்தான் எனக்கு இந்த வேலையில் உண்மையான ருசி ஏற்பட்டது.

அடுத்தது எல்லோரும் தேடுகிற இரட்டை அச்சு. இதில்தான் ஏமாற்றமும் அதிகம். காசின் மேல் அடிக்கும் அச்சையே இன்னொரு தாய் அச்சால் அழுத்தித்தான் செய்கிறார்கள். 1990களின் பிற்பகுதி வரை ஒரே அழுத்தில் உருவம் முழுசாகப் பதியாது. முதல் அழுத்தில் எஃகு இறுகிவிடும். அதைச் சூளையில் வைத்து இளக்கி, மறுபடி அதே தாய் அச்சின் கீழ் வைத்து அழுத்த வேண்டும். இரண்டாம் முறை வைக்கும்போது மயிரிழை திரும்பியிருந்தால் அந்த அச்சில் ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகப் பதியும். பிறகு அந்த அச்சு அடிக்கும் ஒவ்வொரு காசும் அதே இரட்டையோடுதான் பிறக்கும். ஒரு காசு மட்டும் அப்படி இருக்க முடியாது என்பதுதான் இதில் முக்கியம். பிழை காசில் இல்லை, அச்சில் இருக்கிறது.

1955இல் பிலடெல்பியா நாணயச் சாலையில் நடந்தது இதுதான். ஆண்டும், 'லிபர்ட்டி' என்ற சொல்லும், லிங்கன் தலைக்கு மேலுள்ள 'இன் காட் வீ டிரஸ்ட்' என்ற வாசகமும் வெறுங்கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரியும். கண் மங்கிவிட்டதோ என்று தேய்த்துக்கொண்டு பார்க்கத் தோன்றும். கவனிப்பதற்குள் அந்தக் காசுகள் மற்ற இயந்திரங்களின் காசுகளோடு கலந்துவிட்டன. மொத்தக் குவியலையும் உருக்குவதைவிட விட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். வெளியே போனவை 20,000 முதல் 24,000 வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அவை மக்கள் கைக்கு வந்த வழியும் வேடிக்கையானது. அப்போது சிகரெட் பாக்கெட் விலை 23 சென்ட்; தானியங்கி விற்பனைப் பெட்டிக்குள் 25 சென்ட் காசுதான் போகும். மீதி இரண்டு பென்னியைப் பாக்கெட்டின் கண்ணாடித் தாளுக்குள்ளேயே வைத்து விற்றார்கள். புகைபிடிப்பவர்கள் அந்தக் காகிதத்தைக் கிழிக்கும்போது இரட்டை அச்சு உதிர்ந்தது. புழங்கித் தேய்ந்த காசே இன்று ஆயிரம் டாலருக்கு மேல். இதன் பெயரைச் சொல்லி, அச்சு தேய்ந்ததால் கடைசி 5 மட்டும் இரட்டையாகத் தெரியும் இன்னொரு 1955 காசை உங்களிடம் தள்ளிவிடப் பார்ப்பார்கள். 'ஏழையின் இரட்டை அச்சு' என்று சேகரிப்பாளர்களே கேலியாகச் சொல்வது அதைத்தான். சில டாலருக்கு மேல் கொடுக்காதீர்கள்.

இனி ஏமாற்றம். நீங்கள் பார்க்கப்போகும் இரட்டைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வேறு காரணத்தால் வந்தவை. ரப்பர் முத்திரையைக் குத்திவிட்டு எடுக்கும்போது கை அசைந்தால் எழுத்து இழுபடும் அல்லவா? அது போல அச்சு தளர்ந்திருந்தால், அடித்த கணத்தில் அசைந்து புதிதாகப் பதிந்த எழுத்தின் தோளைச் சீவிவிடும். அப்படிச் சீவியது படிக்கட்டுப் போலத் தட்டையாக, பளபளப்பாக, எழுத்தின் பருமனைக் குறைத்துக்கொண்டு நிற்கும். உண்மையான இரட்டையில் இரண்டாவது எழுத்தும் உருண்டு எழும்பி நிற்கும். எழுத்தின் பருமன் கூடும். மூலைகளில் பிளவு தெரியும். விளக்கை ஒரு பக்கத்தில் தாழ்வாக வைத்துக் காசை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். தட்டையான படிக்கட்டு சட்டென்று மின்னி அணையும். உருண்ட இரட்டை எந்தச் சாய்விலும் நிழல் விழுத்தும். 1982க்குப் பிறகு வந்த காசுகளில் செம்புப் பூச்சு எழுத்தோரத்தில் கிழிந்து, உள்ளே இருக்கும் துத்தநாகம் வெள்ளைக் கோடாகத் தெரியும். அதையும் இரட்டை என்று எண்ணி மயங்குவார்கள்.

1969ஆம் ஆண்டு 'எஸ்' முத்திரை கொண்ட காசில் இந்தப் பாடம் முழுசாக இருக்கிறது. ('எஸ்' என்றால் சான்பிரான்சிஸ்கோ, 'டி' என்றால் டென்வர், எழுத்தே இல்லை என்றால் பெரும்பாலும் பிலடெல்பியா.) அந்த ஆண்டின் உண்மையான இரட்டை அச்சு மிக அபூர்வம். அதே ஆண்டில் அச்சு அசைந்து இழுபட்ட காசோ கட்டுக் கட்டாகக் கிடைக்கும். இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. அந்தக் காலத்தில் நாணயச் சாலையின் எழுத்தை, அச்சு முழுக்கத் தயாரான பிறகு கையால் தனியாகக் குத்துவார்கள். ஆகவே தாய் அச்சு திரும்பியதால் வந்த பிழையில் ஆண்டும் வாசகமும் இரட்டையாகும், 'எஸ்' மட்டும் ஒற்றையாக நிற்கும். 'எஸ்'ஸும் சேர்ந்து இழுபட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். 2007இல் ஒருவர் சாதாரணக் கட்டில் இந்தக் காசைக் கண்டெடுத்தார்; அடுத்த ஆண்டு அது 1,26,500 டாலருக்கு ஏலம் போனது. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிழை முதலில் வெளியே தெரிந்தபோது அரசு ரகசியப் பிரிவினர் இதைக் கள்ளக் காசு என்று பறிமுதல் செய்தார்கள். அதே சமயத்தில் 1969 இரட்டை அச்சைப் போலியாகச் செய்து மாட்டிக்கொண்ட கும்பல் ஒன்று இருந்ததால் வந்த வினை.

இந்த வகையில் சாதாரணமாகக் கிடைக்க வாய்ப்புள்ளது 1995. 'லிபர்ட்டி'யிலும் 'இன் காட்' என்ற சொற்களிலும் இரட்டை நன்றாகத் தெரியும். புழங்கியது இருபது, முப்பது டாலர் பெறும். எனக்கு இதுவரை இரண்டு கிடைத்திருக்கின்றன, ஒன்று மளிகைக் கடை மீதிச் சில்லறையில். 1972 இரட்டை அச்சு இன்னும் எடுப்பானது, விலையும் பல மடங்கு. ஆனால் அதே ஆண்டில் அரைகுறை இரட்டைகள் பலவும் உண்டு. உண்மையானதின் பின்பக்கத்தில் 'யுனைடெட்' என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கு மேலே விளிம்போரம் சிறிய அச்சுக் காயம் ஒன்று இருக்கும், அதைத் தேடுங்கள். 1983இல் பின்பக்க எழுத்துகள் எல்லாம் இரட்டை. 1984இல் லிங்கனின் காதுமடலுக்குக் கீழே இன்னொரு காதுமடல்.

இரட்டையைத் தேடிக் கண் வலித்தவர்களுக்கு நான் சொல்வது 'ஏ'யும் 'எம்'மும். லிங்கன் நினைவகம் உள்ள பின்பக்கத்தில் 'அமெரிக்கா' என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளின் கால்களைப் பாருங்கள். 1993 முதல் புழக்கக் காசுகளில் அவை ஏறத்தாழத் தொட்டுக்கொண்டிருக்கும்; சேகரிப்பாளருக்கென்று பளபளப்பாக அடிக்கும் காசுகளில் இடைவெளி இருக்கும். 1998, 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் அந்தச் சிறப்பு அச்சுகள் சில தவறிப்போய்ப் புழக்கக் காசின் மேல் விழுந்துவிட்டன. இடைவெளி தெரிந்தால் எடுத்து வையுங்கள். மூன்றிலும் 1999 தான் அருமை. 1992இல் கதை தலைகீழ்: அந்த ஆண்டு இடைவெளி இருப்பதுதான் வழக்கம், ஒட்டியிருந்தால் அபூர்வம், ஆயிரக்கணக்கான டாலர். சந்தேகமாக இருந்தால் கட்டடத்தின் வலது கீழ் மூலையில் உள்ள வடிவமைப்பாளரின் இரண்டு முதலெழுத்துகளைப் பாருங்கள். ஒட்டிய வகையிலும் விலகிய வகையிலும் அவை கட்டடத்திலிருந்து நிற்கும் தூரம் வேறுபடும். வெறுங்கண்ணால் வேகமாகப் பார்க்க முடிவதால், ஒரு பெட்டிக்கு நேரம் போதவில்லை என்றால் நான் இதை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுவேன்.

அடுத்ததாகச் சொல்லப்போவது என் சொந்தப் பித்து. கண்ணைவிடத் தராசை நம்புகிற வேட்டை இது. 1982 நடுவில் பென்னியின் உலோகத்தை மாற்றினார்கள். அதற்கு முன் 95 விழுக்காடு செம்பு, எடை 3.11 கிராம். அதன் பின் துத்தநாகத்தின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு, எடை 2.5 கிராம். அந்த ஒரே ஆண்டில் இரண்டு உலோகம், ஆண்டெண் பெரிதாகவும் சிறிதாகவும் இரண்டு வடிவம், பிலடெல்பியா, டென்வர் என்று இரண்டு அடையாளம். எல்லாவற்றையும் கலந்தால் எட்டு வகை வர வேண்டும். ஆனால் வந்தது ஏழுதான். டென்வரில் சிறிய ஆண்டெண்ணைச் செம்பில் அடிக்கவே இல்லை என்றுதான் முப்பது ஆண்டுக்கு மேல் எல்லோரும் எழுதிவைத்திருந்தார்கள். 2016இல் ஒருவர் தராசில் வைத்தார். 3 கிராமுக்கு மேல் காட்டியது. எட்டாவது வகை இருக்கிறது என்று அன்று தெரிந்தது. அடுத்த ஆண்டு அது 18,800 டாலருக்குப் போனது. பார்வைக்கு அதில் ஒரு விசேஷமும் இல்லை. அழுக்கேறிய பழுப்புக் காசு. லட்சம் கைகள் மாறியிருக்கும், எவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

ஆகையால் 1982 காசு எதையும் நான் திருப்பிக் கொடுப்பதில்லை. ஊறுகாய் பாட்டில் ஒன்றில் சேர்த்து, மழை நாளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடை போடுவேன். 2.5, 2.5, 3.1, 2.5. சிறிய ஆண்டெண்ணும் 'டி' எழுத்தும் உள்ள காசைத் தராசில் வைக்கும்போது மட்டும் மூச்சு ஒரு நொடி நின்று வரும். இதுவரை எனக்கு 2.5தான். 1983 காசையும் எடை போடுங்கள். பழைய செம்பு வில்லைகள் சில மிஞ்சிக்கிடந்து அந்த ஆண்டு அச்சிலும் சிக்கியிருக்கின்றன. தராசு இல்லாத அவசரத்துக்குக் காது போதும். விரல் நகத்தின் மேல் காசை நிறுத்திச் சுண்டினால் செம்பு மணி போல நீள ஒலிக்கும், துத்தநாகம் 'டக்' என்று செத்துப்போகும். பழகிய பிறகு மேஜையில் கொட்டும் சத்தத்திலேயே கட்டில் செம்பு அதிகமா குறைவா என்று சொல்லிவிடலாம்.

1943 பற்றி எல்லோரும் கேட்பார்கள். போருக்குச் செம்பு வேண்டும் என்று அந்த ஆண்டு பென்னியைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். முந்தைய ஆண்டின் செம்பு வில்லைகள் சில தொட்டியில் தங்கிப்போய், 1943 ஆண்டெண்ணோடு செம்பிலும் சில காசுகள் வந்துவிட்டன. மாசசூசெட்ஸ் மாநிலம் பிட்ஸ்ஃபீல்டில் ஒரு மாணவருக்கு 1947இல் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையின் மீதிச் சில்லறையில் ஒன்று வந்தது. அவர் அரசுக் கருவூலத்துக்கு எழுதிக் கேட்டபோது, 1943 காசுகள் எல்லாமே எஃகுதான் என்று பதில் வந்தது. அவர் காசை விடவில்லை. ஆயுள் முழுக்க வைத்திருந்தார். 2019 ஜனவரியில் அது 2,04,000 டாலருக்கு ஏலம் போனது. உங்கள் கையில் செம்பு நிற 1943 வந்தால் முதலில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் எஃகுக்கு மேல் செம்பு பூசிய விளையாட்டுச் சாமான். ஒட்டவில்லை என்றாலும் கடைசி எண்ணை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: 1948இன் 8ஐ ராவி 3 ஆக்கியிருப்பார்கள். உண்மையானது உங்களுக்கும் எனக்கும் கிடைக்கப்போவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். காந்தத்தை மட்டும் சட்டைப் பையில் வைத்திருப்போம்.

பெட்டியில் உண்மையில் வருவது வேறு. பின்பக்கத்தில் கோதுமைக் கதிர் உள்ள, 1958 வரையிலான பென்னிகள் அவ்வப்போது வரும். பெரும்பாலானவை சில சென்ட் பெறும், பார்க்க அழகு. கனடா பென்னிகள் வரும். அந்த நாடு 2012இலேயே அடிப்பதை நிறுத்திவிட்டது. 'லிபர்ட்டி'யில் 'பி'க்கும் 'ஈ'க்கும் நடுவே அச்சு உடைந்து நட்டுக்குத்தாக ஒரு கோடு விழுந்த காசுகள் 1950களில் ஏராளம். சில டாலர்தான், எனக்குப் பிடிக்கும். 1974க்குப் பின் 'எஸ்' எழுத்தோடு ஒன்று வந்தால், யாரோ சேகரிப்புப் பெட்டியை உடைத்துச் செலவு செய்திருக்கிறார்கள் என்று பொருள். 2017இல் 'பி' எழுத்தைப் பார்த்துவிட்டுப் பிழை என்று ஓடிவராதீர்கள். நாணயச் சாலையின் 225ஆம் ஆண்டுக்காக அந்த ஓர் ஆண்டு மட்டும் பிலடெல்பியா தன் எழுத்தைப் பென்னியில் போட்டுக்கொண்டது.

சாமான்கள் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி, கிராமில் இரண்டு தசமம் காட்டும் தராசு, சாய்க்கக்கூடிய மேஜை விளக்கு, காந்தம். கணினியில் பொருத்தும் நுண்ணோக்கியை முதல் வருடம் வாங்காதீர்கள். இருநூறு மடங்கில் பார்த்தால் எல்லாக் காசும் பிழைக்காசுதான். பத்து மடங்கில் தெரியாத பிழைக்கு விலை கொடுக்க அநேகமாக ஆள் இல்லை.

காசைக் கழுவவே கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் வருடம் 1909ஆம் ஆண்டுக் காசு ஒன்று, வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் மூன்று முதலெழுத்துகளோடு, ஒரு கட்டின் நடுவில் கறுத்துக் கிடந்தது. ஊரில் வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு தேய்க்கும் நினைப்பில் புளியைக் கரைத்துத் தேய்த்துவிட்டேன். தங்கம் போல மின்னியது. மறுவாரம் நாணய வியாபாரியிடம் காட்டினேன். கண்ணாடியைக்கூட எடுக்காமல், "கழுவியிருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு மேஜைமேல் என் பக்கமாகத் தள்ளினார். நூறு வருடத்தில் தானாக ஏறிய பழுப்புக்குத்தான் அங்கே விலை. புளி போட்டது விளக்குக்கு ஆகும், காசுக்கு ஆகாது. ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், முகத்தில் விரல் படாமல்.

விலை பார்க்கும்போது விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள், ஏலம் முடிந்து கைமாறிய தொகையைப் பாருங்கள். ஐந்தாயிரம் டாலர் என்று போட்டிருக்கும் காசு ஐந்து வருடமாக அங்கேயே கிடக்கும். தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்பினால் கட்டணமும் தபால் செலவும் உண்டு. காசின் மதிப்பு அதைவிடப் பல மடங்கு என்று உறுதியான பிறகே அனுப்புங்கள்.

வங்கி விஷயத்தில் ஒரு நாகரிகம் உண்டு: வாங்கிய கிளையில் திருப்பிக் கொட்டாதீர்கள். அந்தப் பெட்டியே அடுத்த வாரம் உங்களுக்குத் திரும்பி வரும் என்பது ஒரு காரணம். கவுன்டரில் நிற்கும் பெண்மணி உங்கள் தலையைப் பார்த்ததும் முகம் சுளிப்பார் என்பது இன்னொன்று. வாங்க ஒரு கிளை, கட்ட வேறொரு வங்கி, இரண்டிலும் கணக்கு இருக்கட்டும். இயந்திரம் சுற்றிய கட்டைவிட, வாடிக்கையாளர் கையால் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்த கட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். தாத்தாவின் ஜாடி அதில்தான் வரும்.

இப்போது இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. ஒரு பென்னி செய்ய 2024ஆம் நிதியாண்டில் 3.69 சென்ட் ஆனது. 2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசிப் பென்னியை அடித்து நிறுத்திவிட்டார்கள். காசு செல்லும், ஆனால் புதிது வராது. கிளைகளில் பெட்டி கேட்டால் முன்பு போல உடனே தருவதில்லை. சில கடைகள் சில்லறையை ஐந்து சென்டுக்கு முழுமையாக்கத் தொடங்கிவிட்டன. வங்கியை நம்புவதைவிட, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஜாடியிலிருந்து தொடங்குங்கள். நண்பர்களின் ஜாடியையும் முகமதிப்புக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

செம்புக் காசுகளைச் சேர்த்து உருக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். செம்பு பவுண்டு 4 டாலர் விற்றால் பழைய பென்னிக்குள் சுமார் 2.6 சென்ட் செம்பு இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் 2006 டிசம்பர் முதல் பென்னியையும் ஐந்து சென்ட் காசையும் உருக்குவது குற்றம்: பத்தாயிரம் டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை.

ஊருக்கு எடுத்துப் போவதற்கும் அதே விதியில் அளவு போட்டிருக்கிறார்கள். ஒருவர் கையோடு 5 டாலர் வரை கொண்டுபோகலாம், அதாவது 500 பென்னி. சேகரிப்புக்கோ பொழுதுபோக்குக்கோ என்பது தெளிவாக இருந்தால் 25 டாலர் வரை, அதாவது ஒரு முழுப் பெட்டி. அத்தனையும் பழைய செம்பு என்றால் ஏழே முக்கால் கிலோ. விமானப் பெட்டியில் அதற்கு இடம் விடுவதற்கு வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதை நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.